பதினான்கு சிலிண்டர், மூன்று கோடு

பாரிஸின் கார்-து-நோர் நிலையத்தில் ரயில் ஏறும்போது பிடித்த இடுப்பு, புறநகரான ஓல்னே-சூ-புவா நெருங்கிய பிறகும் பிருந்தாபனை விடவில்லை. இளவயதில் லா ஷப்பல் பகுதி உணவகமொன்றின் நிலக்கீழ் அறையில் குனிந்த குனிவில் சட்டி கழுவியவர். அந்த முதலாளி கொடுத்த சம்பளம் என்றோ செலவாகிவிட்டது. குனிவு மட்டும் இன்னும் கையிருப்பில் இருக்கிறது.

நிற்கவே இடமில்லாத பெட்டியில் ஒரே ஒரு மடக்கு இருக்கை கிடைத்தது. அதில் அவருடைய உதவியாளர் ஆனைஸ் உட்கார்ந்திருந்தாள்.

"எழுந்து இடம் குடுத்திருப்பேன், பத்ரோன்," என்றாள் தன் முதலாளியிடம். "ஆனா நீங்க உக்காந்தா மறுபடி எழுப்ப ஆள் வெச்சுத் தூக்கணும். அது நம்ம கான்ட்ராக்டுல எழுதல."

ஆனைஸ் புதுச்சேரிக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். பாரிஸில் பிறந்தவள், முப்பது வயது. காப்புறுதிக் கம்பெனி ஒன்றில் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தவள். மனிதர்கள் எத்தனை விதமாகப் பொய் சொல்வார்கள் என்று அங்கேயே படித்து முடித்துவிட்டதால், படிப்பு வீணாகக் கூடாதென்று பிருந்தாபனிடம் வந்து சேர்ந்தாள். அவர் துப்பறிவாளர். உரிமம் உண்டு, ரூ காய் தெருவில் சேலைக்கடைக்கு மேலே ஒற்றை அறையும் உண்டு. வாடிக்கையாளர் மட்டும் எப்போதாவது உண்டு.

அன்று காலை வந்தவர் பொன்னம்பலம். அதே தெருவில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். அவருடைய சாமான் கிடங்கு ஓல்னே-சூ-புவாவில் இருக்கிறது. அங்கே அரிசி, வெங்காயம், தேங்காயெண்ணெய், போன வருடத்திலிருந்து ஒரு விமான எஞ்சின். பழைய எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் சங்கம் ஒன்றுக்கு வைக்க இடமில்லை, கிடங்கில் ஒரு மூலை கிடைக்குமா என்று நகரசபை கேட்டது, பொன்னம்பலம் வாடகையில்லாமல் கொடுத்தார். கலாசாரப் பரிமாற்றம் என்பது அவர் சொல்லும் காரணம். கிடங்கு வாசலில் தன் பெயர் பொறித்த பித்தளைத் தகடு என்பது ரூ காய் முழுவதற்கும் தெரிந்த காரணம்.

ஞாயிற்றுக்கிழமை, அழைக்கப்பட்டவர்கள் முன்னிலையில் எஞ்சினை முதன்முறையாக ஓடவிட்டார்கள். இருமியது, புகைத்தது, நாலு சிலிண்டர் பேசத் தொடங்கியது. பிறகு உள்ளே ஏதோ முறியும் சத்தம். அத்தோடு சரி. சங்கத் தலைவர் ழான்-லூக் இது நாசவேலை என்கிறார். கிடங்கில் மூட்டை தூக்கும் குகதாசன்தான் செய்தான் என்கிறார். பொன்னம்பலம் வந்த அன்றே மாலை ஆறு மணிக்குப் பொலிஸில் முறைப்பாடு கொடுப்பதாக இருந்தார்.

முறைப்பாடு என்றால் குகதாசனுக்கு வெறும் தலையிடி இல்லை. அவருடைய வதிவிடப் பத்திரம் புதுப்பிக்கப்படுவதற்காகப் பிரிஃபெக்தூர் அலுவலகத்தில் கிடக்கிறது. பொலிஸ் கோப்பில் பெயர் ஏறினால் அது அங்கேயே கிடக்கும். பத்திரம் இல்லையென்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால், மனைவியையும் பிள்ளைகளையும் கூப்பிடப் போட்ட விண்ணப்பம் குப்பைக்கூடைக்கு.

"குகன் அப்பிடிச் செய்யிற ஆளில்லை," என்று பொன்னம்பலம் காலையில் மேசையில் கையூன்றிச் சொல்லியிருந்தார். "ஆரோ வேணுமெண்டு கெடுத்திருக்கினம். ஆரெண்டு கண்டுபிடிச்சுத் தாங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்."

அவர் படியிறங்கியதும் ஆனைஸ் கதவைச் சாத்தினாள். "இந்தத் தெருவுல ஒரு முதலாளி தொழிலாளிக்காகக் கைக்காசைச் செலவழிக்கிறாரா? முதல்ல இதைத் துப்பறியணும், பத்ரோன்."

கிடங்கின் கதவுக்கு நேரே, பாஸ்மதி மூட்டைகளை மதில்போல் அடுக்கிய சுவரில் முதுகு சாய்த்தாற்போல், இரும்புத் தாங்கியில் எஞ்சின் நின்றது. முன்னால் ஏழு சிலிண்டர்கள் வட்டமாக. அவற்றின் இடைவெளிகளில் தலை நீட்டிக்கொண்டு பின்னால் இன்னும் ஏழு. ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய தகடுகள், அப்பளக் கட்டுப்போல. நடுமூக்கில் மூன்று அலகுள்ள முன்விசிறி.

ழான்-லூக் ஓய்வுபெற்ற தொழில்நுட்பக் கல்லூரி ஆசிரியர். நீலநிற வேலையுடுப்பையும் மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டிருந்தார். யார் செய்தது என்று கேட்டால் எஞ்சினின் பிறப்பிலிருந்து தொடங்கினார். இது க்னோம்-ரோன் 14M. யுத்தத்துக்கு முந்திய வருடங்களில் உருவானது. நீரால் குளிரும் எஞ்சினுக்கு நீர்த்தொட்டி வேண்டும், குழாய் வேண்டும், ஒரு குண்டு துளைத்தால் தண்ணீர் போய்விடும், பிறகு எஞ்சினும் போய்விடும். இதற்குக் காற்றுப் போதும். ஆனால் வருகிற காற்றை முன்வரிசை ஏழும் வாங்கிக்கொள்ள, பின்வரிசைக்கு மிச்சம்தான். முன்பந்தியில் இருப்பவன் கறியைத் தின்ன, பின்பந்திக்குக் குழம்பு வருவதுபோல என்று பிருந்தாபன் தன் மனதில் மொழிபெயர்த்துக்கொண்டார். இந்த வகை எஞ்சின்களில் வருடக்கணக்கான உழைப்பு அதற்கே போனது. தகடுகளை மெல்லிசாக்கி நெருக்கமாக்கினார்கள், மறைப்புத் தகடு வளைத்துக் காற்றைப் பின்வரிசைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அத்தனையையும் ஒரு மீற்றருக்குக் குறைந்த வட்டத்துக்குள் அடக்கினார்கள், ஓட்டுகிறவனுக்குப் பக்கவாட்டில் தரை தெரிய வேண்டுமென்று. யுத்தம் வந்தது. ஜெர்மானியர் வந்தார்கள். அதே தொழிற்சாலை அதே எஞ்சினை அவர்களுக்குச் செய்து கொடுத்தது. எஞ்சினுக்குத் தான் எந்தக் கொடிக்காக ஓடுகிறோம் என்று தெரியாது. அதைச் செய்தவனுக்குத் தெரியும், தெரிந்தும் காலையில் வேலைக்குப் போகத்தான் வேண்டியிருந்தது.

"கொலைக்கு வாங்க, முசியே," என்று ஆனைஸ் பிரெஞ்சில் மிக மரியாதையாகச் சொன்னாள்.

கொலைக்கு வந்தார். இந்த எஞ்சின் சும்மா நின்றால், கீழ்நோக்கித் தொங்கும் சிலிண்டர்களில் எண்ணெய் இறங்கித் தேங்கும். எண்ணெய் நசுங்காது. அதோடு ஓடவிட்டால் பிஸ்டனைத் தள்ளும் தண்டு வளையும், முறியும். அதனால் ஓடவிடுமுன் விசிறியைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்ப்பார்கள், எஞ்சின் ஓடும் திசையிலேயே. ஞாயிறும் சுற்றினார்கள். ஒரு தடையுமில்லை. ஓடவிட்டார்கள், முறிந்தது. கழற்றிப் பார்த்தால், கீழ்ச் சிலிண்டர்களுக்குக் காற்றுப் போகும் குழாய்களில் எண்ணெய். அங்கே எண்ணெய் போக ஒரே வழிதான் உண்டு என்றார் ழான்-லூக். யாரோ அதற்கு முன் விசிறியைப் பின்பக்கமாகச் சுற்றியிருக்க வேண்டும். பின்பக்கமாகச் சுற்றினால் சிலிண்டரில் கிடக்கும் எண்ணெய் குழாய்க்குள் ஏறி ஒளிந்துகொள்ளும். கையால் சுற்றும்போது அகப்படாது. எஞ்சின் மூச்சிழுக்கும்போதுதான் திரும்பி வந்து அடிக்கும்.

இது விளையாட்டுப் பிள்ளை வேலையில்லை, எஞ்சினின் நோய் அறிந்தவன் வைத்த விஷம் என்று அவர் முடித்தார். வெள்ளி மாலை எல்லாம் சரியாக இருந்தது. சனி மாலை கிடங்கின் சாவி குகதாசனிடம் இருந்தது. மூட்டைகளை எஞ்சினில் சாய்த்து வைத்ததற்காக அவரைத் தான் ஒருமுறை ஏசியதும் உண்டு. போதாதா?

இன்னொன்றும் இருந்தது. கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். எஞ்சின் முறிந்து நின்றபின் எடுத்தது. விசிறியின் நடுக்குமிழில் வெள்ளையாக மூன்று கோடுகள், பக்கத்தில் சிவப்பாக ஒரு புள்ளி. உலோகத்தைத் தின்னும் இரசாயனத்தூள் என்பது அவர் முடிவு. கையுறை போட்டுத் துடைத்து, துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டிப் பொலிஸுக்கென்று வைத்திருந்தார்.

பிருந்தாபனும் ஆனைஸும் படத்தைப் பார்த்தார்கள். ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சிரிப்பு வந்திருக்கும்.

"திருநீறு," என்றார் பிருந்தாபன், தமிழில், வாய் அசையாமல்.

"குங்குமமும் இருக்கு," என்றாள் அவள் அதே மாதிரி. "அந்தப் பை ஆய்வுகூடத்துக்குப் போகும். சுட்ட மாட்டுச்சாணம்னு பதில் வரும். கேஸை விவசாய அமைச்சுக்கு மாத்திடுவாங்க."

குகதாசன் பின்வாசலில் வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். நாற்பது தாண்டிய மெலிந்த ஆள். மூட்டையைத் தோளில் போடும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கினார். தொழில் தெரிந்தவன் என்று பிருந்தாபனின் இடுப்பு பொறாமைப்பட்டது. குகதாசனுடைய கைத்தொலைபேசி உறையில் பைபிள் வசனம் ஒட்டியிருந்தது. பாரிஸ் வந்தபிறகு அல்லேலூயா சபையில் சேர்ந்தவர், கோயிலில் படைத்த வடையைக்கூடத் தொடமாட்டார் என்று லாரி ஓட்டுநர் சொன்னார். திருநீறு பூசுவது இருக்கட்டும், திருநீற்றுக் கிண்ணத்தின் பக்கமே போகமாட்டார்.

என்ன கேட்டாலும் ஒரே பதில்தான் வந்தது. சனிக்கிழமை யார் வந்தது, தெரியாது. எஞ்சினை யார் தொட்டது, தெரியாது. தன்மீது என்ன குற்றம் சுமத்துகிறார்கள் என்று அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. இரண்டு தடவை வேறொன்றைக் கேட்டார்.

"முதலாளி என்ன சொன்னவர், அண்ணை?"

இரண்டாம் தடவை பிருந்தாபன் உள்ளதைச் சொன்னார். "நீர் செய்யிற ஆளில்லை எண்டவர்."

குகதாசன் மூட்டையைக் கீழே வைத்தார். முகத்தைத் துடைத்தார். "அப்பிடியோ சொன்னவர்," என்று சொல்லிச் சின்னதாகச் சிரித்தார். சந்தோசச் சிரிப்பில்லை அது. பிறகு அடுத்த மூட்டைக்குக் குனிந்தார்.

திரும்பும் ரயிலில் ஆனைஸ் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவளுக்கு ஒரு சித்தாந்தம் பிறந்திருந்தது. படத்தில் கோடுகள் குறுக்காக இல்லை, நெடுக்காக நிற்கின்றன. சைவக்காரர் குறுக்கே பூசுவார், வைணவர் நெடுக்கே போடுவார். சங்கத்தில் இருந்த ஒரே வைணவர் யார்? ராதாகிருஷ்ணன். புதுச்சேரிக்காரர். விமான எஞ்சின் தொழிற்சாலையில் பொறியியலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். தன் பேச்சைக் கேட்பதில்லை என்று ழான்-லூக்கோடு சண்டை பிடித்து, மார்ச்சில் சங்கத்தை விட்டு வெளியேறியவர். எஞ்சினின் நோயும் தெரியும், கோபமும் உண்டு, நாமமும் உண்டு.

"எங்க அம்மா ஞாயிறு பூசைக்குப் போறவங்க," என்றாள். "அவங்க பொண்ணு நாமத்தை வெச்சுக் கேஸைப் பிடிச்சேன்னு சொன்னா பங்குச்சாமி என்னைத் தனியாக் கூப்பிடுவாரு."

ராதாகிருஷ்ணன் ரூ பிலிப்-து-ஜிராரில் ஒரு தேநீர்க்கடையில் தினமும் பிற்பகல் உட்காருவார். வழுவழுவென்று சவரம் செய்த முகம், கழுத்தில் பட்டுத்துண்டு. படத்தைக் காட்டி ஆனைஸ் தன் வாதத்தைச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு படத்தை ரசித்தார்.

"மதுமுவசேல், இது நிக்கிற கோடுன்னு நீங்க சொல்றீங்க," என்றார். "விசிறி அப்போ எந்த இடத்துல நின்னுதோ அந்த இடம் அது. சுத்தின சாமானுக்கு மேல ஏது, கீழ ஏது? போனைத் திருப்பிப் பிடிங்க."

அவள் திருப்பினாள். கோடுகள் படுத்துக்கொண்டன.

"இப்போ சைவமாயிடுச்சு, பாருங்க. அதுவும் போக, நாமம்னா கீழே வளைஞ்சு சேரணும். இது மூணு விரலால இழுத்த இழுப்பு."

ஆனைஸ் தேநீரைக் குடித்தாள். அவள் பேசாமல் குடித்த தேநீர் அந்த வருடத்தில் அது ஒன்றுதான்.

ழான்-லூக் சொன்னதில் தவறில்லை என்றும் ராதாகிருஷ்ணன் ஒப்புக்கொண்டார். பின்பக்கமாகத்தான் சுற்றியிருக்கிறார்கள். ஆனால் எந்தப் பக்கம் பின்பக்கம் என்பது அந்த எஞ்சினைப் பொறுத்தது என்றார். 14M-ஐ இரண்டு வகையாகச் செய்தார்கள். இரட்டை எஞ்சின் விமானத்தில் இரண்டு விசிறியும் ஒரே திசையில் சுற்றினால் விமானம் ஒரு பக்கமாக இழுபடும். அதனால் ஒன்று வலமாகவும் மற்றது இடமாகவும் சுற்றும், ஒரே எஞ்சின், ஒரே அளவு, சுழற்சி மட்டும் எதிர்.

பிருந்தாபன் சீனி கரைந்த பிறகும் தேநீரைக் கரண்டியால் சுற்றிக்கொண்டிருந்தார். "ஓல்னேயிலை நிக்கிறது எந்தப் பக்கம்?"

"வலம்."

"வலமெண்டால், ஆர் பாக்கிற வலம்?"

"பைலட் பாக்கிற வலம். பின்னாடி உக்காந்து பாக்கணும். நம்ம ஊர்க்காரங்க எல்லாம் முன்னாடி நின்னு போட்டோ எடுப்பாங்க, அங்கேருந்து பாத்தா எதிர்ப்பக்கம் சுத்தற மாதிரித் தெரியும்."

கரண்டி நின்றது. பிருந்தாபன் தன் கையைப் பார்த்தார். அது இவ்வளவு நேரமும், யாரும் சொல்லிக்கொடுக்காமலே, வலமாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. கற்பூரம் காட்டும் கை சுற்றுவதுபோல. கோயிலில் கால் சுற்றுவதுபோல.

அந்த எஞ்சினின் முதுகோடு ஒட்டி அரிசி மூட்டை. பின்னால் ஒரு பூனைகூட நிற்க முடியாது. கிடங்குக்குள் வருகிற எவனும் அதற்கு முன்னால்தான் நிற்பான். முன்னால் நின்று திருநீறு பூசி, குங்குமம் வைத்து, நல்லது நடக்கட்டும் என்று விசிறியை வலமாகச் சுற்றினால் என்ன ஆகும்? எஞ்சினுக்கு அது பின்பக்கம். ழான்-லூக் ஒரு கொலைகாரனைத் தேடிக்கொண்டிருக்கிறார். அப்படி ஒருவன் இல்லை. அங்கே வந்தவன் வாழ்த்த வந்தவன்.

"ஒராள் தனிய அதைச் சுத்தேலுமோ?" என்று கேட்டார்.

பதினான்கு சிலிண்டரின் அழுத்தத்தைத் தள்ள வேண்டும், நல்ல பலசாலி இரண்டு பேராவது வேண்டும் என்றார் ராதாகிருஷ்ணன். பூசின கை ஒன்று, தள்ளின தோள் இன்னொன்று. தோள் யாருடையது என்பதில் பிருந்தாபனுக்குச் சந்தேகமில்லை. சொன்னதைத் தள்ளிவிட்டு, பிறகு எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லும் தோள், யாருக்காக அப்படிச் சொல்லும் என்பதிலும் சந்தேகமில்லை.

எழும்பினார். இடுப்பு கூடவே எழும்ப மறுத்தது.

பொன்னம்பலத்தின் கடையில் மாலைக் கூட்டம் தொடங்கியிருந்தது. முருங்கைக்காய்க் கட்டுகளுக்கும் பனங்கட்டிப் பெட்டிகளுக்கும் நடுவே, கோடைக்கென்று வந்த மேசை மின்விசிறிகள். ஒன்றைப் பிரித்துப் பொருத்தி வைத்திருந்தார்கள், முன்கூடு இன்னும் மாட்டவில்லை. ஆனைஸ் அதைத் தூக்கிக் கல்லாமேசையில் வைத்தாள்.

"கண்டுபிடிச்சிட்டியளோ?" என்றார் பொன்னம்பலம்.

"கிட்டத்தட்ட," என்றார் பிருந்தாபன். "அண்ணை, புது மிசின் ஒண்டு வந்தா நீங்கள் என்ன செய்து தொடங்குவியள்? இதிலை ஒருக்காச் செய்து காட்டுங்கோ."

பொன்னம்பலத்துக்கு அது விசித்திரமாகப் படவில்லை. கல்லாமேசைக்குக் கீழே திருநீற்றுக் கிண்ணம் எப்போதும் இருக்கும். மூன்று விரலால் தொட்டு, மின்விசிறியின் நடுக்குமிழில் ஒரு இழுப்பு. குங்குமம் ஒரு பொட்டு. கண்ணை மூடி உதடு அசைந்தது. பிறகு ஆட்காட்டி விரலால் அலகைத் தள்ளினார். வலமாக, மூன்று சுற்று.

"எல்லாத்துக்கும் இப்பிடித்தான்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கு ஒளிக்க என்ன கிடக்கு. அந்தப் பெரிய மிசினுக்கும் சனிக்கிழமை செய்தனான். குகன்தான் என்னோடை சேந்து பிடிச்சுத் தள்ளினவன். நாங்கள் முறையா வலமாத்தான் சுத்தினது. அதுக்குப் பிறகு ஆரோ ஒரு மூதேவி வந்து இடமாச் சுத்திக் கெடுத்திருக்கு. அவனைத்தான் பிடிக்கச் சொன்னனான்."

அதைக் காலையில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, கற்பூரமும் கொளுத்தினதால்தான் என்றார். எஞ்சினுக்குப் பக்கத்தில் நெருப்புக் காட்டுவதில்லை என்று சங்கத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தாராம்.

பிருந்தாபன் அவரைக் கையைப் பிடித்து மின்விசிறிக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார். ஆனைஸ் முன்னால் நின்று, அவர் சுற்றிய அதே பக்கம் அலகைச் சுற்றினாள்.

"உங்கை நிண்டு பாருங்கோ, அண்ணை. விமானம் ஓட்டுறவன் உங்கைதான் இருப்பான். எந்தப் பக்கம் சுத்துது?"

பொன்னம்பலம் பார்த்தார். குனிந்து பார்த்தார். முன்னால் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பவும் பின்னால் வந்து பார்த்தார். ஒரு பெண் முருங்கைக்காய் என்ன விலை என்று கேட்டாள். யாரும் பதில் சொல்லாததால் போய்விட்டாள்.

"அப்ப நானோ?" என்றார்.

"நீங்கள்தான்."

"அதுக்கு ஜோடி எஞ்சின் ஒண்ணு இருக்காம், முசியே," என்றாள் ஆனைஸ். "அது கெடச்சிருந்தா நீங்க சுத்தினது சரியான பக்கம். இப்ப இந்த ஊர்லயே வாழ்த்திக் கொன்ன ஆள் நீங்க ஒருத்தர்தான்."

பொன்னம்பலம் கல்லா நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு முதலில் வந்தது வருத்தமில்லை, யோசனை. செலவைத் தான் ஏற்றுக்கொள்ளலாம், பெயர் வராமல் முடிக்கலாம், கோயில் பெயரில் கொடுக்கலாம், எலி புகுந்தது என்று சொல்லலாம். எலி விசிறியைச் சுற்றாது என்று பிருந்தாபன் ஞாபகப்படுத்தினார். விபத்து என்று ழான்-லூக் நம்ப வேண்டுமென்றால், அதைச் செய்தவர் தன் வாயால் சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும் அது முறைப்பாடுதான்.

பிருந்தாபனுக்கு இன்னொரு கேள்வி மிச்சமிருந்தது. குகதாசனின் அந்தச் சிரிப்பு.

"அண்ணை, குகதாசன் எண்டு ழான்-லூக்குக்கு ஆர் சொன்னது?"

பொன்னம்பலம் மின்விசிறியின் திருநீற்றைப் பார்த்தார். "ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் முன்னாலை கேட்டவர், சனி பின்னேரம் உள்ளை ஆர் நிண்டதெண்டு. நெருப்புக் கதை வந்திடுமெண்டு எனக்குப் பயம். குகன் எண்டிட்டன்." கிண்ணத்தை எடுத்து மேசைக்குக் கீழே வைத்தார். "பொய் இல்லைத்தானே. அவனும் நிண்டவன்."

ஆனைஸ் தொலைபேசியை எடுத்து, ழான்-லூக்கின் எண்ணை அழுத்தி, பொன்னம்பலத்தின் கையில் வைத்தாள்.

பொன்னம்பலத்தின் பிரெஞ்சு, வெங்காயம் வாங்கவும் வரி கட்டவும் போதுமானது. ஆசீர்வாதத்தை விளக்க அது திணறியது. அது அமிலம் இல்லை, சாம்பல், நல்ல சாம்பல், பசுவினுடைய சாம்பல் என்று சொல்லும்போது வியர்த்தது. ழான்-லூக் கெட்ட மனிதரில்லை. ஒரு வருடமாக ஒவ்வொரு தகடாகத் துடைத்தவர், எதிரி ஒருவன் இருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கடைசியில் இரண்டு விஷயம் கேட்டார். அந்தப் பையை எறிந்துவிடலாமா என்பது ஒன்று. இனி ஆசீர்வாதம் செய்வதென்றால் சங்கத்து ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும் என்பது மற்றது. முறிந்த தண்டையும் விரிசல் விட்ட சிலிண்டரையும் பொன்னம்பலம் பார்த்துக்கொள்வார் என்று முடிவானது. முறைப்பாடு இல்லை.

ஆறு மணிக்குச் சற்று முன், குகதாசன் வெங்காயத்தோடு வேனில் வந்து இறங்கினார். பிருந்தாபன் வாசலிலேயே அவரை நிறுத்தி விஷயத்தைச் சொன்னார். ஏன் வாய் திறக்கவில்லை என்றும் கேட்டார்.

"பொலிஸ் எழுதினாலும் பேப்பர் போகும், அண்ணை," என்றார் குகதாசன். "முதலாளி வேலைக்கடிதம் தராட்டிலும் பேப்பர் போகும். பேசாமல் இருந்தா ஒரு வழியாலைதான் போகும் எண்டு இருந்தன்."

உள்ளே போய் மூட்டையை இறக்கினார். பொன்னம்பலம் தலை நிமிர்த்தினார்.

"குகன், பொலிசுக்குப் போகேல்லை. எல்லாம் முடிஞ்சுது."

"ஓம், முதலாளி."

"வேலைக்கடிதம் நாளைக்கு எழுதித் தாறன். சம்பா அரிசி ஒரு பை வீட்டை கொண்டு போ."

"ஓம், முதலாளி."

குகதாசன் போகவில்லை. கல்லாமேசைக்கு முன்னால், கையைத் தொங்கவிட்டபடி, இன்னும் ஏதோ வரவேண்டியவரைப்போல் நின்றார். பொன்னம்பலம் தெருவைப் பார்த்தார். வேனைப் பார்த்தார். வெங்காயம் ஈரமோ என்று கேட்டார். இல்லை, காய்ந்ததுதான் என்றார் குகதாசன். சற்று நேரம் இன்னும் நின்றுவிட்டு, அடுத்த மூட்டையை எடுக்கப் போனார். அரிசிப் பை மேசைமேல் அப்படியே இருந்தது.

தெருவில் இறங்கியதும் ஆனைஸ் விரல்விட்டு எண்ணினாள். "எஞ்சினுக்கு உண்டானதைக் குடுக்கறாரு. நமக்கு உண்டானதைக் குடுத்துட்டாரு. கணக்கு முடிஞ்சுதா, பத்ரோன்?"

"முடியேல்லை, பிள்ளை," என்றார் பிருந்தாபன்.

பொன்னம்பலம் குகதாசனுக்கு ஒரு மன்னிப்புக் கடன்பட்டிருந்தார். அதை அவர் கொடுக்கவில்லை.